ஓர் எழுத்தின் மறைவும் ஒரு சொல்லின் மயக்கமும்

சென்ற பருவத்தில் ஒருநாள், முதலாமாண்டு மாணவர் ஒருவர் பிஸ்கட் டப்பா ஒன்றைக் கையில் ஏந்தியவராய் நம் துறைக்கு வந்தார். வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் வந்த அவருடைய தமையனார் கொண்டுவந்தது அது. டப்பாவின் மூடியில் பழங்கால ஆங்கில ஊர் ஒன்றின் படம். அதன் மேல் பழைய பாணியில் வளைந்து நெளிந்த எழுத்தில் இரண்டு சொற்கள். முதற்சொல்லில் ஒய், இ என இரண்டே எழுத்துகள். அடுத்த சொல் ‘ஓல்டு’; அதன் ஈற்றில் வேண்டாத ஓர் இ. மாணவர் அதனை ‘யீ ஓல்டு’ எனப் படித்திருக்கிறார். “அகராதியில் பார்த்தேன் ஐயா. யீ என்றால் ‘நீங்கள்’ என்று போட்டிருக்கிறது. ‘நீங்கள் பழைய’ என்று பொருள் கொள்வதா?” என வினவினார்.

ஆங்கிலத் துறையை நாடாமல் நம்மிடம் ஏன் வந்தார் என்று முதலில் வியந்தோம். சுவடியியல் வகுப்பில் நாம் எழுத்து மயக்கங்களைப் பற்றிச் சொல்லியிருந்ததே காரணம் என்று பிறகு தெரிந்தது. அவர் வந்த இடம் தவறன்று. டப்பாவின் மீதிருந்த சொல் ‘யீ’ அன்று. அது ஆங்கிலம் கற்கும் சிறுவரும் அறிந்த ‘தி’ என்னும் சுட்டுச்சொல்லே. ‘அந்தப் பழைய’ என்பதே அத்தொடரின் பொருள். ‘தி’ என்னும் பொருளில் ‘யீ’ என்று எந்தக் காலத்திலும் எந்த ஆங்கிலேயரும் பேச்சில் வழங்கியதில்லை. எழுத்தைத் தவறாகப் படித்ததனால் மட்டுமே பிறந்த சொல் அது. அவ்வாறாயின் டி, எச் இருக்க வேண்டிய இடத்தில் ஒய் எப்படி வந்து அமர்ந்தது? அதன் வரலாறு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

‘தி’ என்னும் சொல்லின் முதலொலியும், ‘மெல்லிய’ எனப் பொருள்படும் ‘தின்’ என்னும் சொல்லின் முதலொலியும் நம் தமிழ்த் தகரத்திற்கு அண்மையனவேயன்றி அதனோடு ஒத்தவை அல்ல. நாவின் நுனி மேற்பல்லின் முனையைத் தொட, இடைவெளியில் காற்று உரசி வெளிவரும் ஒலிகள் அவை. மதரஸாவில் ஓதக் கற்றவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ‘ஹதீஸ்’ என்னும் சொல்லின் இறுதியில் அரபியில் நிற்கும் எழுத்து ‘தின்’ என்பதன் முதலொலிக்கும், ‘தால்’ என்னும் அரபி எழுத்து ‘தி’ என்பதன் முதலொலிக்கும் உரியவை. அவற்றைத் தமிழில் எழுதுவதற்கு நாம் படும் பாட்டை அனைவரும் அறிவோம். தொழுகை அழைப்பை ஒருவர் ‘அதான்’ என்றெழுதுகிறார். மற்றொருவர் ‘அஸான்’ என்றெழுதுகிறார். ஓரிடத்தில் ‘உஸ்மான்’, ஓரிடத்தில் ‘உத்மான்’. இரண்டுமே உண்மையொலிக்கு முழுதும் பொருந்தா. எழுத்து இல்லாத இடத்தில் அண்மையிலுள்ள எழுத்தைப் பிடித்துக்கொள்வது மனித இயல்பு.

இதே இடர்ப்பாடுதான் பழைய ஆங்கிலேயருக்கும் நேர்ந்தது. கி.பி. 597-இல் உரோமையிலிருந்து அகஸ்டின் தலைமையில் கிறித்தவத் துறவியர் இங்கிலாந்தின் கென்ட் பகுதிக்கு வந்தனர். அவர்களோடு இலத்தீன் எழுத்தும் வேரூன்றியது. அம்மொழியில் மேற்குறித்த ஒலிகள் இல்லை. ஆதலால் எழுத்தும் இல்லை. அவர்களை வரவேற்ற மன்னரின் பெயரோ ‘எதல்பர்ட்’. மன்னர் பெயரின் நடுவிலேயே அவ்வொலி நிற்கிறது! தொடக்க கால எழுத்தர்கள் டி, எச் என இரண்டெழுத்தைச் சேர்த்தெழுதியோ, ‘தாவீது’ என்பதன் முதலில் ஆங்கிலேயர் எழுதும் அந்த ‘டி’யை மட்டும் எழுதியோ ஒப்பேற்றினர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் ஏறத்தாழ 737-ஆம் ஆண்டைச் சேர்ந்த இலத்தீன் சுவடி ஒன்று உள்ளது. பீட் என்னும் அறிஞர் எழுதிய திருச்சபை வரலாற்றின் படி அது. அதன் இறுதியில், மாடு மேய்த்துவந்த கேட்மன் பாடியதாகக் கூறப்படும் ஒன்பதடிப் பாடல் பழைய ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஆங்கிலக் கவிதையின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றான அச்சிறு பாடலிலேயே இவ்வொலி ஓரிடத்தில் ஒருவிதமாகவும் மற்றோரிடத்தில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டுள்ளமை நோக்கத்தக்கது.

இத்தடுமாற்றத்தைத் தீர்க்க ஆங்கிலேயர் தம் முன்னோரின் எழுத்துகளையே நாடினர். இலத்தீன் எழுத்து வருமுன் செருமானிய இனத்தார் மரத்திலும் எலும்பிலும் கல்லிலும் கீறிவந்தவை ‘ரூன்’ எழுத்துகள். அவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருட்பெயர் உண்டு. இவ்வொலிக்குரிய எழுத்தின் பெயர் ‘தார்ன்’, அதாவது முள். ஒரு நெடுங்கோடு, அதன் நடுவில் வலப்புறம் துருத்தி நிற்கும் ஒரு முனை. முட்செடியின் கொம்பைப் பார்ப்பது போலவே இருக்கும். இந்த முள்ளெழுத்தை எடுத்து இலத்தீன் எழுத்துகளுக்கிடையே நட்டுவிட்டனர். (ரூன் எழுத்துகளின் பெயர்களை விளக்கும் பழைய ஆங்கிலப் பாடல் ஒன்று உண்டு. அதன் ஒரே சுவடி 1731-இல் இலண்டன் ஆஷ்பர்னம் இல்லத்தில் நேர்ந்த தீயில் அழிந்தது. 1705-இல் ஜார்ஜ் ஹிக்ஸ் என்னும் அறிஞர் அதனை அச்சிட்டு வைத்திராவிடில் அப்பாடலே இன்று இல்லை. சுவடிகளை நாளை பார்த்துக்கொள்ளலாம் என இருப்போர் இதனை எண்ணிப்பார்ப்பாராக.)

அதே தீயில் ஓரங்கள் கருகித் தப்பிப் பிழைத்தது ‘பேவுல்ஃப்’ என்னும் வீரகாவியத்தின் ஒரே சுவடி. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளையுடைய அக்காவியம் ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டில் தோலேட்டில் எழுதப்பட்டது. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. அதன் முதற்பக்கத்திலேயே முள்ளெழுத்து நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். நெடுங்கோட்டின் தலை நன்கு உயர்ந்திருக்கும். ஒய் என மயங்க இடமே இல்லை. இக்காவியத்தை முதன்முதலில் முழுமையாக அச்சிற் கொணர்ந்தவர் ஐஸ்லாந்தில் பிறந்த தார்கெலின் என்பவர், ஆண்டு 1815. ஐஸ்லாந்து மொழியில் அவர் பெயரின் முதலெழுத்தே இந்த முள்ளெழுத்துதான்! ஆங்கிலேயர் கைவிட்ட எழுத்தை ஐஸ்லாந்தியர் இன்றும் தம் அரிச்சுவடியில் வைத்து வழங்கிவருகின்றனர்.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன்பின் பிரெஞ்சு, இலத்தீன் மரபில் பயின்ற எழுத்தர்கள் பெருகினர். கிரேக்கச் சொற்களை இலத்தீனில் எழுதும்போது வழங்கிய டி, எச் இரட்டையே அவர்களுக்குப் பழக்கம். பழைய ஆங்கிலத்தின் சிறப்பெழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. முள்ளெழுத்து மட்டும் எளிதில் விழவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஓர்ம் என்னும் துறவி எழுதிய ‘ஓர்முலம்’ என்னும் நெடிய செய்யுள் நூலில் அது உண்டு. 1400-ஐ ஒட்டி எழுதப்பட்ட ‘சர் கவைனும் பச்சை வீரனும்’ என்னும் காவியத்தின் ஒரே சுவடியிலும் உண்டு. சாசரின் கேன்டர்பரிக் கதைகள் பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் படியெடுக்கப்பட்டபோது டி, எச் இரட்டையே மிகுந்துவிட்டது. எனினும் அடிக்கடி வரும் சின்னஞ்சிறு சொற்களில் முள் ஒட்டிக்கொண்டிருந்தது. ‘தி’ என்பதற்கு முள்ளெழுத்தும் அதன் தலைமேல் ஒரு சிறு இ-யும்; ‘தட்’ என்பதற்கு முள்ளெழுத்தும் மேலே ஒரு சிறு டி-யும். தோலேடு விலை மிகுந்தது. எழுத்தர் கை சலிப்பது. குறுக்கி எழுதுவதில் ஆதாயம் உண்டு. நம் ஓலைச்சுவடிகளில் மேற்படி, வருடம், மாதம், வரவு, பற்று ஆகியவற்றுக்கெல்லாம் குறியீடு வைத்திருந்தோமே, அது போன்றதே இதுவும்.

இதற்கிடையில் முள்ளின் வடிவம் தேய்ந்துகொண்டே வந்தது. உயர்ந்து நின்ற கோட்டின் தலை குட்டையாயிற்று. வலப்புறத்து மூடிய வயிறு மேற்புறம் திறந்துகொண்டது. தலை குறைந்து வயிறு திறந்தால் எஞ்சுவது என்ன? ஒய் வடிவமே. குறிப்பாக வட இங்கிலாந்தின் எழுத்தர் பலருடைய கையில் முள்ளெழுத்தும் ஒய் எழுத்தும் ஒரே வடிவமாயின. வேறு சிலர் மயக்கம் நீங்க ஒய்யின் தலைமேல் ஒரு புள்ளி இட்டனர். புள்ளி இருந்தால் ஒய், இல்லையேல் முள். புள்ளியை நம்பிப் பொருளை ஒப்படைக்கும் இம்முறை தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டையே ஒரு காலத்தில் புள்ளியிடம் ஒப்படைத்திருந்தோம். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அதனை விட்டுவிட்டனர். பின்வந்தோர் குறிலா நெடிலா எனத் திகைத்தனர்.

ஆயினும் அக்காலத்து ஆங்கிலேயர் எவரும் திகைக்கவில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். எழுத்து ஒய் போலிருந்தாலும் படித்தவர் நாவில் ‘தி’ என்றே ஒலித்தது. இடம்நோக்கிப் பொருள் கொள்ளும் மரபு உயிரோடிருந்தது.

1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். அச்சுக்கலையை அவர் கற்றது ஜெர்மனியின் கொலோன் நகரில்; முதன்முதலாக ஆங்கில நூலை அச்சிட்டது இன்றைய பெல்ஜியத்திலுள்ள புரூஜ் நகரில். தொடக்க கால ஆங்கில அச்சகங்களுக்கு வேண்டிய அச்செழுத்துகளும் அவற்றை வார்க்கும் கலையும் ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்தே வந்தன. அங்குள்ளோர் மொழிகளுக்கு முள்ளெழுத்து தேவையில்லை. ஆகவே அச்சுப்பெட்டியில் அதற்கு அறையும் இல்லை. பெரும்பாலான இடங்களில் டி, எச் இரண்டையும் கோத்துவிட்டனர். குறுக்க வடிவம் வேண்டிய இடத்தில் பெட்டியில் இருந்தவற்றுள் முள்ளைப் போலவே தோன்றிய ஒய்யை எடுத்துவைத்து, மேலே சிறு இ-யை ஏற்றினர். முள் ஒய்யாக மாறிய வரலாறு இதுவே. எழுத்தாளரோ இலக்கண ஆசிரியரோ தீர்மானித்ததன்று. பெட்டியில் ஓர் அறை குறைந்தமையின் விளைவு.

ஸ்காட்லாந்தில் இதற்கு உடன்பிறந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. யகரத்தையும் ககரத்தின் உரசொலியையும் குறிக்க வழங்கிய ‘யோஃக்’ என்னும் எழுத்து மூன்று என்னும் எண்ணைப் போலிருக்கும். அதுவும் அச்சுப்பெட்டியில் இல்லை. உருவில் ஒத்த இசட் அதன் இடத்தைப் பிடித்தது. ‘மென்சீஸ்’ என எழுத்தில் தோன்றும் குடும்பப் பெயரை இன்றும் அங்குள்ள முதியோர் ‘மிங்கிஸ்’ என்றே அழைப்பர். பெயரையுடையவர் ஒருவிதமாகச் சொல்ல, எழுத்து வேறுவிதமாகச் சொல்கிறது. ‘மெக்கன்சி’ என்பதிலுள்ள சகரவொலியும் இந்த இசட் தந்த கொடையே.

இனி, மாணவரின் அகராதிக்கு வருவோம். அது பொய் கூறவில்லை. ஒய், இ என எழுதி ‘யீ’ என்றே ஒலிக்கும் மெய்யான சொல் ஒன்றும் பழைய ஆங்கிலத்தில் உண்டு. முன்னிலைப் பன்மை எழுவாய் அது. நம் ‘நீவிர்’ போன்றது. ஆக, மெய்யான ‘யீ’ ஒன்று. ‘தி’ என்பதன் மாறுவேடமான ‘யீ’ மற்றொன்று. இரண்டும் அருகருகே நிற்கும் இடத்தை 1611-இல் ஜேம்ஸ் மன்னர் ஆணையால் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் முதற்பதிப்பிலேயே காணலாம். அப்பதிப்பில் ‘தி’ என்பது பெரும்பாலும் மூன்றெழுத்தாகவே உள்ளது. யோபு நூல் முதல் அதிகாரத்திலும் உரோமையர் மடல் பதினைந்தாம் அதிகாரத்திலும் சிற்சில இடங்களில் மட்டும் குறுக்க வடிவம் தலைகாட்டுகிறது. இத்தகைய குறுக்கங்களுக்கு வரியின் நீளமே பெரும்பாலும் காரணமாகும். பத்தி அகலத்துக்குள் வரி அடங்காதபோது அச்சுக்கோப்பவருக்கு ஓரெழுத்து அகலம் மிச்சப்பட்டாலும் பேருதவி. யோவான் நூல் பதினைந்தாம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் அந்த மாறுவேட வடிவம் நிற்கிறது. அதே அதிகாரத்தின் மூன்றாம் வசனத்தில் மெய்யான ‘நீவிர்’ நிற்கிறது. 1611-இல் படித்தவர் முன்னதைத் ‘தி’ என்றும் பின்னதை ‘யீ’ என்றும் தடையின்றிப் படித்துச் சென்றிருப்பர். இன்று படிப்பவர் இரண்டையும் ஒன்றெனக் கொண்டால் பொருள் நிலைகுலையும்.

ஷேக்ஸ்பியர் 1616-இல் மறைந்தார். ஸ்ட்ராட்போர்டு திருச்சபையில் அவர் கல்லறை மீதுள்ள நான்கடி வாசகத்தில் ‘தி’ ஒருமுறையும் ‘தட்’ இருமுறையும் ஒய் இட்டே பொறிக்கப்பட்டுள்ளன. அதே கல்லில் ‘இந்த’ எனப் பொருள்படும் சொல்லுக்கு டி, எச் இரண்டும் வந்துள்ளன. ஒரே ஒலிக்கு ஒரே கல்லில் இருவகை எழுத்து! சுற்றுலாச் செல்வோர் சிலர் அக்கல்லின் முன் நின்று ‘யீ’ என்றும் ‘யட்’ என்றும் உரக்கப் படிப்பதுண்டாம். உலகப் பெருங்கவிஞரின் தலைமாட்டில் நின்று அவர் ஒருபோதும் உரைத்திராத சொற்களை உரைப்பது எத்துணை வேடிக்கை! அவருடைய நாடகங்கள் 1623-இல் பெருந்தொகுதியாக வெளிவந்தபோதும் நெருக்கமான வரிகளில் இக்குறுக்கங்கள் இடம்பெற்றன.

கையெழுத்தில் இவ்வழக்கம் இன்னும் நெடுநாள் நீடித்தது. 1620-இல் மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா சென்று பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநரான வில்லியம் பிராட்போர்டு தம் மக்களின் வரலாற்றைக் கைப்பட எழுதிவைத்தார். பக்கந்தோறும் ‘தி’ என்பதை ஒய் இட்டே எழுதினார். காணாமற்போன அக்கையெழுத்துப்படி 1855-இல் இலண்டன் ஃபுல்ஹம் அரண்மனையில் இருப்பது தெரியவந்தது. 1897-இல் அமெரிக்காவுக்குத் திரும்பியது. அதனை அச்சிட்டோர் பிராட்போர்டின் எழுத்தை மதிக்கிறோம் எனக் கருதி ஒய்யை அப்படியே அச்சில் வைத்தனர். உருவத்தை மதித்தனர், ஒலி இழந்தனர். பள்ளிப் பிள்ளைகள் தம் முன்னோர் ‘யீ, யீ’ என்று பேசியதாக எண்ணலாயினர். உள்ளதை உள்ளவாறே பதிப்பிப்பது பதிப்பறம் என்பர். நமக்கும் அதில் உடன்பாடே. ஆயினும் எழுத்தின் உருவா, எழுதியவர் குறித்த சொல்லா, எது ‘உள்ளது’ என்னும் வினா எழாமல் இல்லை. ஏட்டில் ‘கால்’ என்னும் துணையெழுத்தும் ரகரமும் ஒரே கோடாக இருப்பதால், அவற்றைப் பிரித்தறிந்தே உ.வே.சாமிநாதையர் முதலியோர் நமக்குச் சங்க நூல்களைத் தந்தனர். கோட்டைக் கோடாகவே அச்சிட்டிருந்தால் நமக்கு ஓர் அடியும் விளங்கியிராது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயருக்குப் பழமை மீது ஒரு மோகம் பிறந்தது. தேநீர் விடுதிகளும் மிட்டாய்க் கடைகளும் தம்மைத் தொன்மையுடையனவாகக் காட்டிக்கொள்ள இந்த ஒய்யைப் பெயர்ப்பலகையில் ஏற்றின. இதற்குள் மேலேயிருந்த சிறு இ கீழிறங்கி ஒய்க்குப் பக்கத்தில் அமர்ந்துவிட்டது. குறுக்கம் என்பதற்கான கடைசித் தடயமும் மறைந்தது. ‘ஓல்டு’ என்பதன் ஈற்றில் நிற்கும் இ-யும் இவ்வாறே. சாசர் காலத்தில் அது வெற்றெழுத்தன்று. ‘தி’ என்னும் சுட்டுக்குப்பின் வரும் பெயரடையின் இறுதியில் இலக்கணம் கருதி வந்தது. தனி அசையாக ஒலிக்கவும் பட்டது. பின்னாளில் ஒலி தேய்ந்து எழுத்து மட்டும் எஞ்சியது. அதைத்தான் கடைக்காரர் அணிகலனாகப் பூட்டினர்.

நாட்டிங்ஹம் நகரில் ‘ஜெருசலேம் பயணம்’ என்னும் பொருளுடைய பெயருக்கு முன் இந்த ‘யீ ஓல்டு’ சேர்த்த விடுதி ஒன்று உண்டு. அது மதுவிடுதி; இம்மலரில் அதனைக் குறிப்பிட நேர்ந்தமைக்குப் பெரியோர் பொறுத்தருள்க. சுவரில் 1189 என்று ஆண்டு எழுதியிருக்கிறார்கள். 1187-இல் சுல்தான் ஸலாஹுத்தீன் ஜெருசலேமை மீட்டார். 1189-இல் முதலாம் ரிச்சர்டு அரியணை ஏறினார். அவருடைய சிலுவைப்போர் வீரர்கள் அங்குத் தங்கிச் சென்றனர் என்பது கதை. ஆனால் இன்று நிற்கும் கட்டடத்தின் பழைய பகுதிகளே பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவ்வீரர்களுக்குத் ‘தி’ என எழுதத் தெரிந்திருந்தால், தலை நிமிர்ந்த நல்ல முள்ளெழுத்தால் எழுதியிருப்பர், ஒய்யால் எழுதியிருக்கமாட்டார்.

மாணவரிடம் இவ்வளவையும் சொல்லி முடித்தபோது, “ஓர் எழுத்தைத் தவறாகப் படிப்பதால் யாருக்கு என்ன இழப்பு ஐயா?” என்றார் அவர். டப்பாவைப் பொறுத்தவரை இழப்பேதுமில்லை. ஆயினும் நம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை அவருக்குச் சொன்னோம்.

நம் பாட்டனார் வணிகர். கணக்கையும் குறிப்பையும் அரபுத்தமிழில், அதாவது அரபி எழுத்தால் தமிழை, எழுதிவைப்பது அவர் வழக்கம். ட, ண, ப, ழ முதலான தமிழொலிகளுக்கு அரபியில் எழுத்தில்லை. அரபி எழுத்துகளோடு புள்ளியும் குறியும் கூட்டி நம் முன்னோர் அவற்றுக்கு வடிவம் தந்தனர். ஆங்கிலேயர் முள்ளை நட்டது போன்ற செயலே அது. பாட்டனார் மறைவுக்குப்பின் நம் தலைமுறையில் அதனைச் சரளமாகப் படிப்போர் இல்லாமற்போயினர். ஒரு பக்கத்தில் அண்டை வீட்டார் பெயரும் அதன்பின் ‘கொடுத்த தாள்’ என்னும் தொடரும் இருப்பதாக நம் உறவினர் ஒருவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். நிலப்பத்திரம் ஒன்றை அவர்களிடம் ஒப்படைத்திருக்கிறார் போலும் என்று பெரியவர்கள் கேட்கப் போனார்கள். அவர்கள் இல்லையென்றார்கள். பேச்சு முற்றி, இரண்டு ஆண்டுகள் இரு வீட்டாரும் பெருநாளில் கூட ஸலாம் சொல்லிக்கொள்ளவில்லை.

பிறகு ஒருநாள் தெருவில் வாழ்ந்த முதிய ஆலிம் ஒருவரிடம் அக்குறிப்பேட்டைக் கொண்டு சென்றோம். அரபி எழுத்தில் தகரத்துக்கும் நகரத்துக்கும் சொல் முதலில் அடிவடிவம் ஒன்றே. மேலே இரண்டு புள்ளியிருந்தால் தகரம், ஒன்றிருந்தால் நகரம். அவர் பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். ஒரு புள்ளி மட்டுமே எழுதுகோல் இட்டது. மற்றது மையின் தெறிப்பு என்றார். ‘கொடுத்த நாள்’ என்று படித்து, அடுத்த வரியில் ஹிஜ்ரி ஆண்டும் மாதமும் இருப்பதைக் காட்டினார். பணம் கொடுத்த நாள். அதற்கும் அடுத்த வரியில், அப்பணம் முழுவதும் திரும்ப வந்துவிட்டதாகப் பாட்டனாரே எழுதி வைத்திருந்தார்.

அன்று மாலையே நம் தந்தையார் அண்டை வீட்டுக்குச் சென்றார். குறிப்பேட்டையும் கையில் எடுத்துச் சென்றார்.